மைசூர் கனரகத் தடகளச் சங்கம்

மைசூர் கனரகத் தடகளச் சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், ஆட்டக்காரர் எல்லாம் நான் ஒருவனேதான். செயற்குழு கூடுவதில் சிக்கலே இருந்ததில்லை. நான் உட்கார்ந்தால் கூடிவிட்டது என்று பொருள், எழுந்தால் கலைந்துவிட்டது. தீர்மானங்கள் எல்லாம் ஏகமனதாகவே நிறைவேறின. எதிர்த்துப் பேச ஒரு ஆளாவது இருந்தால் தேவலையே என்று தோன்ற ஆரம்பித்தது மூன்றாம் மாதத்தில்தான்.

சங்கம் பிறந்தது ஒரு பொய்க் கடிதத்தில். தொண்ணூற்றாறு ஜனவரியில் எங்கள் தெரு சலூனுக்குக் கேபிள் வந்தது. முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில், சத்தத்தைக் குறைத்து வைத்திருந்த டிவியில், கட்டம் போட்ட பாவாடை கட்டிய மலை மாதிரி ஒரு ஆள், டெலிபோன் கம்பம் மாதிரி ஒன்றைச் செங்குத்தாகத் தூக்கித் தோளோடு அணைத்துக்கொண்டு ஓடினான். ஓடிப்போய் அதை வீசினான். கம்பம் காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, மேல்முனை தரையில் குத்தி நின்று, கொஞ்சம் யோசித்து, அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. கூட்டம் கை தட்டியது. அடுத்த ஆள் கம்பத்தைத் தூக்கும்போது கரண்ட் போய்விட்டது. பாதி வெட்டிய தலையோடு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆள் வீசினானா, கம்பம் திரும்பியதா என்பது இன்று வரைக்கும் தெரியாது.

அவர்களுக்குப் பின்னால் கட்டியிருந்த துணியில் க்ளென் ஆர்வி, ஸ்காட்லாந்து என்று எழுதியிருந்தது. அன்று சாயங்காலமே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கடிதம் அடித்தேன். மைசூர் கனரகத் தடகளச் சங்கத்தின் நாற்பது உறுப்பினர்கள் சார்பில் வணக்கம், விதிமுறைப் புத்தகம் ஒன்று அனுப்பி உதவவும், இப்படிக்குத் தலைவர், கா. சீனிவாசன்.  அந்த வயதில் வெள்ளைத்தாளும் டைப்ரைட்டரும் ஒரே மேசையில் இருந்தால் யாரையாவது ஏமாற்றாமல் எனக்குக் கை ஓயாது.

அதற்கு மூன்று மாதம் முன்னால், அதே மெஷினில்தான் மதனுக்கு இன்டர்வியூ லெட்டர் அடித்தேன்.

மதன் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. அவன் அப்பாவும் என் அப்பாவும் கொள்ளேகாலிலிருந்து ஒரே பஸ்ஸில் சென்ட்ரிங் வேலைக்கு வந்தவர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே பெஞ்சு. பி.யூ.சி. முடித்து அவன் வேலை தேடிக்கொண்டிருந்தான், நான் பி.காம். சேர்ந்திருந்தேன். லெட்டர், ஹெப்பாள் பக்கத்து ஃபேக்டரி ஒன்றிலிருந்து வந்த மாதிரி இருந்தது. அவன் அம்மா கமலம்மாள் முந்தின நாள் சாமுண்டி மலைக்கு ஆயிரம் படியும் ஏறி எலுமிச்சம்பழம் வாங்கிவந்தார். அவன் இரவல் ஷூ போட்டுக்கொண்டு போனான். நானும் இன்னும் எட்டுப் பேரும் கேட்டுக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, வாட்ச்மேன் லெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதையும், உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவருவதையும், இரண்டு பேரும் சிரிப்பதையும் பார்த்தோம். மதன் திரும்பினான். எங்களைப் பார்த்தான். லெட்டரை மடித்துப் பாக்கெட்டில் வைத்தான், சைக்கிளை எடுத்தான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அதற்கப்புறம் அவன் என்னோடு பேசவில்லை. கூட இருந்து சிரித்தவர்களும் மெல்ல நகர்ந்துகொண்டார்கள். அடுத்த லெட்டர் தங்களுக்கு வந்தால் என்ன செய்வது என்ற பயம். கேன்டீனில் நான் உட்கார்ந்தால் பெஞ்சுக்கு அடியில் ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு வேறு பெஞ்சுக்குப் போவார்கள்.

இந்த நிலவரத்தில்தான் மார்ச் மாதம் ஸ்காட்லாந்திலிருந்து தடியாக ஒரு உறை வந்தது.

"சீமையிலிருந்து காயிதம் வந்துருக்குது" என்று என் அம்மா பஞ்சவர்ணம் அதை ஈரக் கை படாமல் இரண்டு விரலால் பிடித்துக் கொடுத்தாள். "என்னடா பண்ணித் தொலைச்ச?"

உள்ளே பன்னிரண்டு பக்க விதிமுறைப் புத்தகம், ஒரு படிவம், கையால் எழுதிய ஒரு கடிதம். எழுதியவர் யூவன் மெக்கிலப், செயலாளர். மைசூரில் இந்த ஆட்டம் ஆடப்படுவதை அறிந்து எங்கள் கமிட்டி மகிழ்கிறது. உங்கள் நாற்பது பேருக்கும் வாழ்த்து. தூர தேசத்துச் சங்கங்களுக்காக ஒரு தபால் போட்டி நடத்துகிறோம். அவரவர் ஊரில் வீசி, சாட்சிக் கையெழுத்தோடு முடிவை அனுப்பலாம், செப்டம்பர் பத்தாம் தேதிக்குள் தபால் முத்திரை விழ வேண்டும். கடைசியாக ஒரு வரி: உங்கள் ஊரில் கம்பத்துக்கு என்ன மரம் கிடைக்கிறது?

அந்தக் கடைசி வரிதான் என்னைக் கவிழ்த்தது. கிண்டல் என்று கண்டுபிடித்துத் திட்டி எழுதியிருந்தால் ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பேன். என்ன மரம் என்று ஒரு மனிதர் மெனக்கெட்டுக் கேட்டால், போய் மரத்தைப் பார்த்துவிட்டுத்தானே பதில் எழுத வேண்டும்? பார்த்தேன். சவுக்கு. என் அப்பா காளியப்பன் சென்ட்ரிங் மேஸ்திரி. வீட்டுக்குப் பின்னால் சாரம் கட்டும் சவுக்குக் கம்புகள் எப்போதும் ஐம்பது அறுபது கிடக்கும்.

புத்தகத்தை ஒரு வாரம் படித்தேன். பி.காம். புத்தகம் எதற்கும் கொடுக்காத மரியாதை. மொத்தம் ஆறேழு ஆட்டம். கல்லெறிவது. வளையம் வைத்த இரும்பு எடையை ஒற்றைக் கையால் தூரத்துக்கு வீசுவது. அதையே தலைக்கு மேலே உயரத்துக்கு வீசுவது. மரப்பிடி போட்ட சம்மட்டியைச் சுற்றி வீசுவது. சுற்றும்போது பாதம் தரையை விட்டுப் பெயரக் கூடாது. வைக்கோல் அடைத்த மூட்டையைக் கவைக்கோலால் குத்தி உயரக் கட்டிய குச்சிக்கு மேலே அனுப்புவது. எல்லாவற்றுக்கும் பாவாடை கட்டாயம். பாவாடை இல்லாதவன் ஆட்டக்காரனே இல்லை என்று நான்காம் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. அப்பாவின் பச்சைக் கட்டம் போட்ட லுங்கியை முழங்கால் வரைக்கும் மடித்துக் கட்டிக்கொண்டேன். நிறம், கட்டம், உயரம் எதிலும் குறை சொல்ல முடியாது. பெல்ட்டு மட்டும் என்னுடையது.

கல், எடை, சம்மட்டி எல்லாவற்றையும் ஒவ்வொரு நாள் பழகிப் பார்த்தேன். வைக்கோல் மூட்டையை உயர வீசினேன். அது நேராக ஏறி நேராக என் மேலேயே இறங்கியது. ஆனால் தபால் போட்டி கம்பத்துக்கு மட்டும்தான். அந்தக் கம்பத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கேபர். அதை எவ்வளவு தூரம் வீசுகிறோம் என்பது கணக்கே இல்லை. எவ்வளவு நேராக விழுகிறது என்பதுதான் கணக்கு. ஆட்டக்காரன் ஒரு பெரிய கடிகாரத்தின் நடுவில் நிற்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஓடுகிற திசையில் நேர் முன்னால் பன்னிரண்டு. கம்பம் குட்டிக்கரணம் போட்டு, அதன் வால், அதாவது கையிலிருந்த முனை, பன்னிரண்டைக் காட்டி விழுந்தால் பூரணம். பதினொன்று, பத்தரை என்று விலக விலக மதிப்புக் குறையும். திரும்பாமலே விழுந்தால் கடிகாரமே கிடையாது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வீசுகிறவனுக்கு மணி தெரியாது. கன்னம் கம்பத்தோடு ஒட்டியிருக்கும், கண் உச்சியில் இருக்கும், விட்டவுடன் கால் தடுமாறும். எந்தத் திசையில் ஓடினோம் என்பது பின்னால் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். அதனால் நடுவர் ஒருவர் முதுகுக்குப் பின்னாலேயே ஓடிவர வேண்டும். நடுவர் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. அவர் சொன்னதே முடிவு. ஆட்டக்காரன் எதிர்த்துக் கேட்கக் கூடாது.

முதலில் கம்பம் திரும்பட்டும், அப்புறம் நடுவரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. எங்கள் தெருவைத் தாண்டினால் சாமுண்டி மலை அடிவாரம் வரைக்கும் லேஅவுட் போட்டு விற்காமல் கிடந்த வீட்டுமனை சைட்டுகள். மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக் கல், கல்லில் நம்பர், ரோடு போடப்போகிறார்கள் என்பதற்கு அடையாளமாக ரோடு இல்லாத ஒரு நீளம். நூற்றுப் பதினாலாம் நம்பரில் கம்பத்தைத் தூக்கி நூற்று முப்பத்தொன்று வரைக்கும் ஓடலாம். பதினாறு அடிக் கம்பு. பழைய இரும்புக் கடைத் தராசில் முப்பத்தெட்டுக் கிலோ காட்டியது. விடிந்ததும் அதைக் கயிறு கட்டி இழுத்துப் போவேன், எட்டு மணிக்கு இழுத்து வருவேன். ஆடு மேய்க்கும் மாரக்காள் முதல் வாரம் நின்று பார்த்தாள். இரண்டாம் வாரம் ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். பின்னே யாரும் இல்லை. காலையில் அந்த மைதானத்தில் நான் கத்தினால் எல்லைக் கற்கள்தான் கேட்கும்.

ஏப்ரல், மே, ஜூன். கம்பம் ஒருநாளும் திரும்பவில்லை. தூக்குவேன், ஓடுவேன், வீசுவேன். அது பாதி எழும்பி, மனசு மாறி, என் பக்கமே சாயும். வலது தோளில் தோல் உரிந்து, அம்மா அதில் தேங்காயெண்ணெய் தடவும்போதெல்லாம் சீமைக்காரனைத் தமிழிலும் கன்னடத்திலும் திட்டினாள். ஜூன் கடைசியில் மெக்கிலப்புக்கு எழுதினேன். எங்கள் நாற்பது பேரில் ஒருவராலும் கம்பத்தைத் திருப்ப முடியவில்லை. பிடிக்கும் முறையைப் படம் வரைந்து அனுப்பினேன்.

ஆகஸ்ட் நடுவில் பதில் வந்தது. என் படத்தையே திருப்பி அனுப்பியிருந்தார். கம்பத்தின் பக்கத்தில் மட்டும் ஒரு அம்புக்குறி, மேலிருந்து கீழாக. அன்புள்ள தலைவர் அவர்களுக்கு, கம்பத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். தடித்த முனை மேலே இருக்க வேண்டும். ஒன்பதாம் பக்கம், முதல் பத்தி.

ஒன்பதாம் பக்கத்தின் முதல் பத்தியை நான் படிக்கவே இல்லை. 'கம்பத்தை நிறுத்தும் முறை' என்று தலைப்பு. சென்ட்ரிங் மேஸ்திரி மகனுக்குக் கம்பம் நிறுத்த வெள்ளைக்காரன் சொல்லித்தர வேண்டுமா என்று தாண்டிப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்குக் கூடத் தெரியும், அடி கீழே, நுனி மேலே. தலைகீழாக முட்டுக் கொடுத்தால் கான்கிரீட் இறங்கிவிடும், மேஸ்திரி உதைப்பார். ஆகையால் ஐந்து மாதம், தினமும், தடித்த முனையைக் கையில் ஏந்தி, ஒல்லி முனையை ஆகாயத்தில் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். கனம் கையில் இருந்தால் எது திரும்பும்? கனம் தலையில் இருந்தால்தானே அது தானாகக் கவிழப் பார்க்கும்.

மறுநாள் காலையில் கொல்லையிலேயே கம்பைத் தலைகீழாக நிறுத்திப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல் விளக்க வந்த அப்பா நின்றுவிட்டார்.

"அடிய மேல வெச்சு எவன்டா கம்பு புடிப்பான்?"

"ஆட்டத்துல இப்படித்தானுங்கப்பா."

"என்ற சைட்ல எவனாச்சும் இப்படிப் புடிச்சா அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருவேன்." வாயைக் கொப்பளித்தார். "இடுப்புல இருக்கற லுங்கி என்றதா?"

"ஆமாங்."

"ஆட்டத்துல அதுவும் இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான்காம் நாள் கம்பம் திரும்பியது.

அதை எப்படிச் சொல்வது? கையை விட்டுப் போன கனம் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். ஐந்து மாதமாக என் மேல் சாய்ந்துகொண்டிருந்தது, அன்றைக்கு அந்தப் பக்கம் போனது. தடித்த முனை தொம்மென்று மண்ணில் குத்தியது, வால் எழும்பியது, நின்றது, அப்பால் விழுந்தது. நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு திரும்பினேன். பின்னால் நூற்றுப் பத்தொன்பதாம் நம்பர் கல் இருந்தது.

அந்த நிமிஷத்திலிருந்துதான் எனக்கு நடுவர் தேவைப்பட்டது. படிவத்துக்காக மட்டும் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். தேதி முடிய இருபது நாள்கூட இல்லை.

முதலில் காலேஜ் பி.டி. மாஸ்டர் நஞ்சுண்டசாமியிடம் போனேன். அவர் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை புரட்டினார். யூனிவர்சிட்டி லிஸ்டில் இந்த ஆட்டம் இருக்கிறதா என்று கன்னடத்தில் கேட்டார். இல்லை என்றேன். லிஸ்டில் இல்லாத ஆட்டத்தை நான் எப்படிப் பார்ப்பது, என் கண் லிஸ்டுக்குக் கட்டுப்பட்டது என்றார். பிறகு, பிரின்சிபாலைக் கிண்டல் பண்ண இது ஏதாவது புதுத் திட்டமா என்று சந்தேகமாகக் கேட்டு, புத்தகத்தைத் தொட்ட கையைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் ஹேமந்த். டீக்கடை எட்டுப் பேரில் ஒருவன், கன்னடம் கலந்துதான் பேசுவான்; கேன்டீனில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தான்.

"கம்பம் வீசறியா? யாவ கம்பம், குரு?"

"சவுக்குக் கம்பம். நீ பின்னாடி நின்னு பாத்தாப் போதும்."

"பின்னாடி நிக்கணுமா?" அவன் முகம் மாறியது. "ஓகோ, பின்னாடி. அப்புறம் என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. மணி சொல்லணும்."

"பாருங்கப்பா, ஒண்ணும் ஆகாதாம்!"

சனிக்கிழமை காலையில் ஹேமந்த் தனியாக வரவில்லை. எட்டுப் பேராக வந்தார்கள், பாதுகாப்புக்கு. வந்ததும் சைட் முழுக்க நடந்து குழி ஏதாவது வெட்டி மூடியிருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்த்தார்கள். என் லுங்கியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் உஷாரானார்கள். லுங்கி கவனத்தைத் திருப்பத்தான் என்று ஒருவன் கண்டுபிடித்துவிட்டான். நான் கம்பத்தைத் தூக்கினேன். அன்றைக்குக் கை நன்றாக அமைந்தது. ஓடினேன், நின்றேன், வீசினேன். திரும்பியது. அழகாகத் திரும்பியது.

மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் எட்டுப் பேருடைய முதுகுதான் தெரிந்தது. நான் கம்பத்தைக் காட்டினால், நிஜமான விஷயம் பின்பக்கத்திலிருந்து வரும் என்று எட்டுப் பேரும் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

"எப்ப ஆரம்பிக்கும்?" என்றான் ஹேமந்த்.

"முடிஞ்சுது."

"சும்னே பிடு மகா, சும்மா விடு. நாங்க பாக்காதப்ப ஏதோ பண்ணிருக்கான்டா இவன்." கால் மணி நேரம் சட்டைப் பின்பக்கத்தை ஒருவருக்கொருவர் தடவிப் பார்த்தார்கள். கிளம்பும்போது ஹேமந்துக்கு என் முகம் எப்படியோ பட்டிருக்க வேண்டும். "கையெழுத்துத்தானே வேணும்? கொடு, போடறேன். பன்னெண்டுன்னே எழுதிக்க. யாரு வந்து பாக்கப் போறான்?"

பேனாவை நீட்டினான். நியாயமான யோசனைதான். ஒரு வருடத்துக்கு முன்னால் என்றால் நானே எட்டுப் பேர் கையெழுத்தையும் போட்டு, ரப்பர் ஸ்டாம்ப்பும் அடித்திருப்பேன். படிவத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"வேணாம். நீ பாக்கலியே."

அதைக் கேட்டு எட்டுப் பேரும் அன்றைக்கு முதல் தடவையாக நிஜமாகவே பயந்துபோனார்கள்.

பாக்கி இருந்தது ஒரே ஆள்.

மதன் அப்போது பன்னூர் ரோட்டில் லாரி எடை போடும் வேபிரிட்ஜில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஒரு சின்ன ரூம், ஜன்னல், அவன், நம்பர் காட்டும் பெட்டி. லாரி ஏறும், அவன் நம்பரைச் சொல்வான், சீட்டைக் கிழித்துக் கொடுப்பான், லாரி இறங்கும். புதன்கிழமை மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே ஒரு கரும்பு லாரிக்கும் மணல் லாரிக்கும் நடுவில் போய் நின்றேன். என்னைப் பார்த்தான். லாரியா, லோடு எவ்வளவு என்று கேட்பதுபோலப் பார்த்தான்.

வழியெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு போன வாக்கியத்தை ஆரம்பித்தேன். "மதா, அன்னிக்கு நான் பண்ணுனது..."

"ஸாரி கீரின்னு ஆரம்பிச்சராத." பத்து மாதத்துக்கு அப்புறம் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. "அதுக்குள்ளயும் ஏதாச்சும் வெச்சிருப்ப."

உறையை ஜன்னலுக்குள் நீட்டினேன். வாங்கினான். கடிதத்தை எடுக்கவில்லை. ஸ்டாம்ப்பைப் பார்த்தான். முத்திரையை நகத்தால் சுரண்டினான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"இந்தத் தடவ ஸ்டாம்ப்பெல்லாம் நெசமாட்டவே ஒட்டியிருக்கற."

"நெசம்தான்."

"அந்த லெட்டரும் நெசமாட்டவேதான் இருந்துச்சு. செராக்ஸ் எடுத்து வெச்சுட்டுத்தான் எங்கம்மா மலைக்குப் போச்சு."

மணல் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மதன் நம்பர் சொன்னான், சீட்டுக் கொடுத்தான். பிறகு விதிமுறைப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான். நடுவில் நான்கு லாரி வந்து போனது. நான் வெயிலில் நின்றேன். ஒன்பதாம் பக்கத்தின் முதல் பத்தியைக்கூட விடாமல் படித்தான். பத்தாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"பின்னால நிக்கறவன் சொன்னாச் சொன்னதுதானா?"

"ஆமா."

"நீ கேக்கக் கூடாது."

"கூடாது."

"தப்பாச் சொன்னாலும்?"

"எனக்குத்தான் தெரியாதே, தப்பா இல்லியான்னு."

அவன் புத்தகத்தை மூடி, உறையில் போட்டு, ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்தான். அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த மாதிரி ஒன்றுமே இல்லாத முகத்தை வைத்துக்கொள்ள அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான், ஏழாம் வகுப்பில்.

"ஞாயித்துக்கெழம ஆறரை மணிக்கு வாறேன்" என்றான். "லாரிய மறைக்காத, தள்ளி நில்லு."

அந்த நான்கு ராத்திரியும் சரியாகத் தூங்கவில்லை. அவன் வராமல் இருக்கலாம். நான் ஆறரையிலிருந்து கம்பத்தோடு நிற்பதை எங்கேயாவது ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பார்க்கலாம். செய்தால் நியாயமாகத்தான் இருக்கும், பழைய கணக்கும் நேராகிவிடும். வந்தாலும், எதைப் பார்த்தாலும், எந்த மணியையும் அவன் சொல்லலாம். ஸ்காட்லாந்து அதை நம்பும். நான் தபாலில் சேர்க்க வேண்டும்.

சனிக்கிழமை ராத்திரி மழை. ஞாயிறு காலை தரை ஊறிக் கிடந்தது. ஆறேகாலுக்கே வந்துவிட்டேன். ஆறரைக்கு சைக்கிள் சத்தம் கேட்டது. மதன் ஸ்டாண்ட் போட்டான். குழி தேடவில்லை. லுங்கியைப் பார்த்தான், சிரிக்கவில்லை. பேன்ட்டை மடித்துவிட்டு, நூற்றுப் பதினாலாம் நம்பரில் எனக்குப் பின்னால் பத்து அடியில் போய் நின்றான்.

"மூணு தடவ. நல்லது எதுவோ அது கணக்கு" என்றேன்.

"படிச்சேன்."

முதல் தடவை ஈரத்தில் கை வழுக்கியது. கம்பம் எழும்பவே இல்லை.

"திரும்பல" என்றான்.

இரண்டாம் தடவை திரும்பப் பார்த்து, நடுவில் பக்கவாட்டில் சரிந்தது. "திரும்பல." அதே குரல். லாரி நம்பர் சொல்லும் குரல்.

உள்ளங்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டேன். இரண்டு பேர் தூக்க வேண்டிய கம்பத்தை நுனியில் மிதித்து, தடித்த முனையைத் தோளால் முட்டி முட்டி நிமிர்த்தினேன். அவன் உதவிக்கு வரவில்லை. நடுவர் கம்பத்தைத் தொடக் கூடாது, அதையும் படித்திருப்பான். குனிந்து இரண்டு கையையும் கோத்து நுனியை ஏந்தினேன். கன்னத்தில் பட்டை சில்லென்று ஒட்டியது. எனக்குப் பின்னால் ஒரு ஜோடிக் கால் தண்ணீரை மிதித்து நகர்வது கேட்டது. ஆறு மாதம் தனியாக ஓடிய இடம். பின்னால் ஒரு ஆள் வருகிறான் என்பது இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

ஓடினேன். உச்சி முன்பக்கம் சாய ஆரம்பித்த நொடியில் காலை ஊன்றி, கையிலிருந்ததை எல்லாம் மேலே இழுத்தேன்.

கனம் போய்விட்டது. தொம் என்றது. வால் வானத்துக்கு ஏறி, நின்று, அப்பால் போய் விழுந்தது. நான் முழங்காலில் இருந்தேன். எனக்குத் தெரிந்த வரையில், என் எலும்புக்குத் தெரிந்த வரையில், அது நேர். அம்பு மாதிரி நேர். பன்னிரண்டு. ஐந்து நிமிஷம் முன்பின் போனாலும் பன்னிரண்டு.

திரும்பினேன். மதன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கம்பத்தைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை, மறுபடி கம்பத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"பத்தரை" என்றான்.

நான் எழுந்து நின்றேன்.

"பத்தரை" என்றான் மறுபடியும், நான் சொல்லாததற்குப் பதில்போல.

"சரி."

"படிவத்தக் குடு."

சைக்கிள் சீட்டின் மேல் வைத்து எழுதினான். மணி, தேதி, இடம். கையெழுத்தைப் போட்டு, கீழே பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினான், வேபிரிட்ஜ் சீட்டில் எழுதுகிற மாதிரியே. திருப்பிக் கொடுக்கும்போது என் முழங்காலில் இருந்த சேற்றைப் பார்த்தான்.

"கால் தடமெல்லாம் அப்படியே இருக்குது. குத்துன குழியும் இருக்குது" என்றான். "வேணும்னாப் பாத்துக்க."

அது என்ன மாதிரிச் சொன்னான் என்று எனக்கு இன்னும் தெரியாது. சவாலா, சலுகையா, சும்மாவா. பாத்துக்க என்றால் பார்த்து என்னை நம்பு என்றா, பார்த்து ஏமாந்துபோ என்றா? அந்த முகத்தில் தேடிப் பிரயோசனமில்லை.

"பாக்கறதுக்குத்தான் ஆளக் கூப்ட்டேன்" என்றேன்.

அவன் குனிந்தான். மடித்த பேன்ட்டைப் பிரித்துவிட்டுக்கொண்டான். ஸ்டாண்டைத் தட்டினான். கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய், ஏறி மிதித்து, ஈரத்தில் கோணலாக ஒரு கோடு போட்டபடி தெருவுக்குள் திரும்பிவிட்டான். நாளைக்கு என்னோடு பேசுவானா என்பதற்கு அந்த முதுகில் குறிப்பு எதுவும் இல்லை.

மைதானத்தில் நானும் கம்பமும் மிஞ்சினோம். தபால் நாளைக்குப் போகும். யூவன் மெக்கிலப் அதைப் பிரித்து, மைசூர், பத்தரை என்று தன் நோட்டில் எழுதிக்கொள்வார். நாற்பது பேரில் சிறந்தவர் பத்தரை.

கம்பத்தை வீட்டுக்கு இழுக்க வேண்டும். போகிற வழி, நான் ஓடிவந்த அதே நீளம்தான். வேறு பக்கமெல்லாம் தண்ணீர். என் கால் தடம், அவன் கால் தடம், எல்லாம் அதன் மேலேதான். அடிப்பக்கத்தில் கயிறு கட்டித் தோளில் போட்டேன். தூரத்தில் தெரிந்த தண்ணீர்த் தொட்டியை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். பின்னால் முப்பத்தெட்டுக் கிலோ சவுக்கு சேற்றைத் தேய்த்துக்கொண்டு வருவது கேட்டது. நூற்றிருபதாம் நம்பர் வரைக்கும் நன்றாகவே வந்தது. அங்கே கயிறு நழுவி விழுந்தது.

கட்ட வேண்டுமென்றால் கால் தடமும் குழியும் கிடக்கும் பக்கம் திரும்பிக் குனிய வேண்டும். குனிந்தேன், கண்ணை மூடிக்கொண்டு. ஈரப் பட்டையைத் தடவித் தடவி முடிச்சுப் போட்டேன். முதல் முடிச்சு அவிழ்ந்துகொண்டது. இரண்டாவது நின்றது.